டயாப்லோ 3: வேட்டையை ஏலத்திடம் இழந்த தொடர்

2000இல் வெளிவந்த டயாப்லோ 2 கணினி விளையாட்டை ஆண்டுக்கணக்கில் ஆடித் தீர்த்தவர்களுக்கு, 2012 மே மாதம் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகம் பெருத்த ஏமாற்றமாகவே அமைந்தது. தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணற, பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர் ‘எரர் 37’ என்ற அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டத்தின் உயிர்நாடியான, அரக்கர்களைக் கொன்று ஆயுதங்களும் கவசங்களும் சேர்க்கும் பொருள் வேட்டையிலேயே கை வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பார்பேரியன் என்னும் போர்வீரன் மட்டுமே ஏந்தக்கூடிய ஆயுதத்தில், அவனுக்குப் பெரிதாக உதவாத, மந்திரவாதிக்குரிய அறிவுத்திறன் புள்ளிகள் கூடி வரும். உருப்படியான ஆயுதம் வேண்டுமென்றால், அரக்கர்களை வெட்டிச் சாய்ப்பதைவிட, ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருள்களை விற்று வாங்கிய, நிஜப் பணமும் புழங்கிய ஏலக்கூடத்தில் தேடுவதே எளிது என்றாகிவிட்டது. நிலை உயரும்போது புள்ளிகளை நாமே பகிர்ந்து கதாபாத்திரத்தை வார்த்தெடுக்கும் சுகமும் போயிற்று. சண்டையின் வேகத்தில் மட்டும் குறை சொல்ல இடமில்லை (அதில் இது முந்தைய பாகத்தை விஞ்சியது என்றே சொல்வேன்). 2014இல் ஏலக்கூடத்தை இழுத்து மூடி, பொருள்கள் விழும் முறையையும் மாற்றிய பிறகே ஆட்டம் தேறியது. இன்று வாங்குபவர்கள், அதே ஆண்டு வந்த ரீப்பர் ஆஃப் சோல்ஸ் விரிவாக்கத்தையும் சேர்த்தே வாங்குவது நல்லது.