நாலாவது சென்டர் பேக்குக்கு யாரை எடுக்கிற: 18 வயசுப் பொடியனா, அகாடமிப் பிள்ளையா, லோனா, பழைய ஆளா?

ட்ரான்ஸ்பர் விண்டோ திறந்தா எல்லாரும் ஸ்ட்ரைக்கர் யாரு, விங்கர் யாரு எண்டுதான் கதைக்கிறாங்க. நான் முதல்ல தேடுறது பெஞ்ச்ல குந்தப்போற டிபென்டர் யாரு எண்டு. ஏனெண்டா ஒரு சீசன்ல 50, 60 மெச் விளையாடுற டீமுக்கு ரெண்டு சென்டர் பேக் (பின்னுக்கு நடுவுல நிக்கிற டிபென்டர்) காணாது, மூண்டும் காணாது, நாலாவது ஆள் எப்பிடியும் மார்ச், ஏப்ரல்ல ஒரு பெரிய மெச்சுல இறங்கத்தான் போறான், அந்த நேரம் அவன் எப்பிடிப்பட்டவன் எண்டதுலதான் கப் வாறதும் போறதும் கிடக்கு.

2020-21 லிவர்பூலைப் பார்த்த ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல. அந்த சம்மர்ல சென்டர் பேக் லோவ்ரனை வித்தாங்க, அந்த இடத்துக்கு ஒருத்தனையும் எடுக்கல. ஒக்டோபர்ல எவர்டன்ட குடிசன் பார்க்ல அவங்கட கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் வந்து மோதி சென்டர் பேக் வான் டைக்கிட முழங்கால் போச்சு, நவம்பர்ல இங்கிலாந்து கேம்ப்ல ஜோ கோமஸ், ஜனவரி முடியிற நேரம் மாட்டிப். மூண்டு பேரும் அந்த சீசனுக்கே இல்ல. மிட்ஃபீல்டுல நிக்க வேண்டிய ஃபபின்யோவையும் ஹென்டர்சனையும் பின்னுக்கு இழுத்தாங்க, மறுகா மிட்ஃபீல்டும் ஆட்டம் கண்டுது. லீக் சம்பியன் டீம் சொந்த மைதானம் ஆன்ஃபீல்டுலயே வரிசையா ஆறு லீக் மெச் தோத்துச்சு, அவங்கட வரலாறுல அதுக்கு முதல் அப்பிடி நடந்ததே இல்ல. ஒரே ஒரு டிபென்டரை எடுக்காம விட்டதுக்கு வந்த வினை அது.

சரி, அப்ப யாரைத்தான் எடுக்கிற? மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் பின்னேரத்துல பந்தடிக்கப் போனா எங்கட செட்டுக்குள்ள இது முடியாத வாக்குவாதம். ஒருத்தன் 18 வயசுல பெரிய காசு குடுத்து எடுக்கணும் எண்டுவான், இன்னொருத்தன் அகாடமி பிள்ளைய ஏத்தினாக் காணும் எண்டுவான், வயசு கூடின ஒருத்தர் இருக்கார், அவருக்கு 34, 35 வயசு அனுபவசாலிதான் வேணும். நான் எந்தப் பக்கம் எண்டதை இப்பவே சொல்லிடுறன்: 20ல இருந்து 22 வயசுக்குள்ள, பெரிய ஆக்களோட ரெண்டு சீசனாவது முழுசா விளையாடினவன், ரெண்டு பொசிஷன்ல நிக்கத் தெரிஞ்சவன். மத்த எல்லாத்துக்கும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா டெப்த்துக்கு, அதாவது பெஞ்ச்ல இருக்கிற மாத்து ஆளுக்கு எண்டா, அதுதான் சரி.

18 வயசு விஷயத்தை எடுப்பம். மான்செஸ்டர் யுனைடெட் 2024 சம்மர்ல லெனி யோரோவ லில் கிளப்ல இருந்து 52 மில்லியன் பவுண்டுக்கு எடுத்தாங்க, 18 வயசு. அமெரிக்காவுல சீசனுக்கு முந்தின மெச்சுலயே பாதத்துல எலும்பு உடைஞ்சு டிசம்பர் வரைக்கும் இல்ல. லிவர்பூல் 2025 ஓகஸ்ட்ல பார்மாவுல இருந்து ஜியோவானி லியோனிய 26 மில்லியனுக்கு எடுத்தாங்க, அவனுக்கும் 18. முதல் மெச் சவுத்ஹாம்டனோட கராபாவோ கப், பொடியன் சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் விளையாடினான், அதே மெச்சுல முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சு சீசன் முடிஞ்சு போச்சு. இன்ஜுரி வாறது யாரிட பிழையும் இல்ல, 30 வயசுக்காரனுக்கும் வரும், அதுக்காக நான் 18 வயசுக்காரனை வேணாம் எண்டு சொல்லல. நான் சொல்றது வேற. அந்த வயசுல எடுக்கிறது மூண்டு வருஷம் கழிச்சு விளையாடுறதுக்கு, இந்த சீசனுக்கு இல்ல.

அதுக்கு சலிபாவை விட நல்ல சாட்சி கிடையாது. ஆர்சனல் 2019ல செயின்ட் எட்டியன்ல இருந்து 27 மில்லியனுக்கு எடுத்தாங்க, 18 வயசு. உடனயே அதே கிளப்புக்கு லோன் (கொஞ்சக் காலத்துக்கு இரவல்), மறுகா நீஸ், மறுகா மார்செய். ஆர்சனல் ஜேர்சியோட முதல் போட்டி மெச் விளையாடினது 2022 ஓகஸ்ட்ல. அந்த மூண்டு வருஷமும் பின்னுக்கு ஓட்டையாத்தான் கிடந்துச்சு, சலிபாவை எடுத்த அதே சம்மர்லயே 32 வயசு டேவிட் லூயிஸையும் செல்சிட்ட இருந்து எடுக்க வேண்டி வந்துச்சு. சலிபா இண்டைக்கு உலகத்துலயே நல்ல சென்டர் பேக்குகள்ல ஒருத்தன், எடுத்த காசு பத்து மடங்கு பெறுமதி, அதுல ரெண்டாம் பேச்சு இல்ல. ஆனா 2019-20 சீசனுக்கு அவன் டெப்த் இல்ல. 18 வயசுக்காரனை எடுக்கிற கிளப், கூடவே இந்த வருஷத்துக்கு எண்டு இன்னொரு ஆளையும் எடுக்கணும். காசு இருக்கிற கிளப் ரெண்டையும் செய்யும், இல்லாத கிளப்?

அகாடமிப் பிள்ளைகள்ட கதை எனக்கு மனசுக்கு நெருக்கம், அதை மறைக்கல. ஜரெல் குவான்சா அஞ்சு வயசுல இருந்து லிவர்பூல் பிள்ளை, இடையில பிரிஸ்டல் ரோவர்ஸ்ல ஒரு அரை சீசன் லோன், 2023 ஓகஸ்ட்ல நியூகாசில்ல வான் டைக்குக்கு ரெட் கார்ட் விழுந்த மெச்சுல இறங்கினான், பத்துப் பேரோட நிண்டு 2-1 எண்டு வெண்டாங்க. அந்த சீசன் முழுக்க அவன் குடுத்தது லிவர்பூலுக்கு ஓசியில கிடைச்ச டெப்த். அடுத்த சீசன் புதுக் கோச் வந்தார், முதல் மெச்சுல இப்ஸ்விச்சோட ஹாஃப் டைம்லயே வெளிய எடுத்தார், காத்துல வாற பந்தை வெல்லல எண்டு. ஒரு கோச்சுக்குப் பிடிக்கும், அடுத்த கோச்சுக்குப் பிடிக்காது, அகாடமிப் பிள்ளைக்கு அதுதான் கஷ்டம், ஏனெண்டா காசு குடுத்து எடுக்காத ஆளை வெளிய இருத்துறது லேசு. 2025ல லெவர்குசனுக்கு 30 மில்லியனுக்கு வித்தாங்க. கணக்குப் புத்தகத்துல அகாடமிப் பிள்ளைய வித்த காசு முழுக்க லாபம், காசு குடுத்து எடுத்த ஆளை வித்தா அப்பிடி இல்ல, அந்த ஆசையிலதான் கிளப்புகள் சொந்தப் பிள்ளைகளை வித்துத் தள்ளுறாங்க. எனக்கு அது கடுப்புத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மேல சொன்ன லிவர்பூல் சீசனைக் கடைசியில காப்பாத்தினது நாட் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். வில்லியம்ஸ் அதுக்கு முந்தின சீசன் இங்கிலாந்துல ஆறாவது டிவிஷன்ல கிடர்மின்ஸ்டருக்கு லோன்ல விளையாடினவன். அவங்க ரெண்டு பேரும் நிண்டுதான் கடைசி அஞ்சு மெச்சும் வெண்டு மூண்டாம் இடம், சம்பியன்ஸ் லீக் கிடைச்சது. பிலிப்ஸ் பேர்ன்லியில ஹெட்டர்ல ஒரு கோலும் போட்டான். அதே ஜனவரி கடைசி நேரத்துல அவசரத்துல எடுத்த ரெண்டு பேர்ட கதையைப் பாருங்க: கபாக் ஷால்கேயில இருந்து லோன், 20 வயசு, முதல் மெச் லெஸ்டர்ல கோல்கீப்பர் அலிசனோட முட்டுப்பட்டு வார்டிக்கு வெறும் கோல். சீசன் முடிய திரும்பிப் போனான். பிரெஸ்டன்ல இருந்து எடுத்த பென் டேவிஸ் லிவர்பூலுக்கு ஒரு போட்டி மெச் கூட விளையாடல. ஜனவரி லோன் எண்டா எனக்கு இவ்வளவுதான் சொல்ல இருக்கு, வீடு எரியிற நேரம் கிணறு வெட்டுற வேலை.

ஜனவரியில காசு குடுத்து எடுத்தாலும் அதே இடைஞ்சல் இருக்கு. மான்செஸ்டர் சிட்டி 2025 ஜனவரியில லான்ஸ்ல இருந்து குசானோவை எடுத்தாங்க, உஸ்பெக் பொடியன், 20 வயசு, 33 மில்லியனுக்கு மேல. வந்து ஒரு கிழமை கூட இல்ல, செல்சியோட இறக்கினாங்க. மூண்டாவது நிமிஷம் தலையால கோல்கீப்பருக்கு பின்னுக்குக் குடுக்கப் பார்த்த பந்து காணாமப் போச்சு, ஜாக்சன் பறிச்சு மடுவேகேக்குக் குடுத்து கோல். கொஞ்ச நேரத்துல யெல்லோ கார்டும். அந்தப் பொடியன்ட முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடந்துச்சு. சிட்டி 3-1 எண்டு வெண்டதால தப்பினான், போகப்போக நல்லா விளையாடினான், அந்த வேகத்துக்கு ஓடுற டிபென்டர் லீக்லயே குறைவு. ஆள் நல்ல ஆள், இறக்கின நேரம்தான் சரியில்ல. பக்கத்துல நிக்கிறவன் என்ன பாஷையில கத்துறான் எண்டு பழகவே ஒருத்தனுக்கு ரெண்டு மாசம் வேணும், ஓஃப்சைட் லைன் ஏத்துறது நாலு பேரும் ஒரே மூச்சுல செய்ற வேலை.

பழைய ஆள் கட்சிக்கு வாறன். டியாகோ சில்வா 2020ல செல்சிக்கு ஃப்ரீயா வந்தார், அப்பவே 35, அடுத்த மே மாசம் சம்பியன்ஸ் லீக். ஜொனி எவன்ஸ் 35 வயசுல 2023ல யுனைடெட்டுக்குத் திரும்பி வந்து, ஆளில்லாத சீசன்ல எத்தினை மெச் விளையாடினார். ட்ரெஸ்ஸிங் ரூம்ல பொடியன்மாருக்கு சொல்லிக் குடுக்கவும் ஒரு ஆள். இதெல்லாம் உண்மை. ஆனா அந்த 2021 ஃபைனலை திரும்பிப் பாருங்க, சில்வா முதல் பாதியிலயே தொடை இடுக்குல இழுத்து வெளிய வந்தார், இறங்கினது கிறிஸ்டென்சன், செல்சி அகாடமியில வளர்ந்து ஜேர்மனியில ரெண்டு வருஷம் லோன் போய்ப் பழுத்து வந்த 25 வயசு ஆள், சிட்டியை ஒரு கோலும் போட விடல. பழைய ஆளை எடுத்தாலும் அவருக்குப் பின்னால ஓடக்கூடிய ஒருத்தன் வேணும், அதால அது முழுப் பதில் இல்ல.

இப்ப என்ட ஆளுக்கு வாறன். ஆர்சனல் 2023 ஜனவரியில ஸ்பெசியா கிளப்ல இருந்து கிவியோரை எடுத்தாங்க, போலந்து, 22 வயசு, இடது கால், 20 மில்லியன் மாதிரி. இத்தாலியில முதல் டிவிஷன்ல விளையாடி, உலகக் கிண்ணத்துலயும் நாட்டுக்கு இறங்கினவன். அந்த நேரம் ஒருத்தரும் கணக்கெடுக்கல. மார்ச்ல ஸ்போர்ட்டிங்கோட நடந்த ஒரே மெச்சுல சலிபாவும் டோமியாசுவும் இன்ஜுரி, வந்து ரெண்டு மாசம் ஆன கிவியோரை இறக்க கோச் ஆர்டேட்டாவுக்கு தைரியம் இல்ல, ரொப் ஹோல்டிங்கை போட்டார், லிவர்பூல் 2-2, வெஸ்ட் ஹாம் 2-2, சவுத்ஹாம்டன் 3-3, சிட்டியோட 4-1 தோல்வி, லீக் கையில இருந்து போச்சு. அந்த ஏப்ரல் மாசத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. ஹோல்டிங்ல பிழை சொல்லல, அவனுக்கு மேல ஏறி நிக்கிற டீமுக்கு ஏத்த ஓட்டம் இல்ல, அவ்வளவுதான்.

ஆனா அதே கிவியோர் ரெண்டு வருஷம் பெஞ்ச்ல இருந்து, லெஃப்ட் பேக்லயும் இறங்கி, கப் மெச் விளையாடி, சலிபாட பக்கத்துல எப்பிடி நிக்கிறது எண்டு பழகினான். 2025 ஏப்ரல் முதலாம் திகதி மெயின் சென்டர் பேக் கேப்ரியலுக்கு தொடை போச்சு, ஒரு கிழமையில சம்பியன்ஸ் லீக்ல ரியல் மட்ரிட். நம்ம நேரம் இரவு 12.30க்கு தொடங்கின மெச், எல்லாரும் ரைஸ்ட ரெண்டு ஃப்ரீ கிக்கைத்தான் கதைச்சாங்க, கதைக்கத்தான் வேணும். நான் அந்த 90 நிமிஷமும் கிவியோரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தன். எம்பாப்பே அவன்ட முதுகுப் பக்கமா ஓட வெளிக்கிடுற ஒவ்வொரு தரமும் ரெண்டு அடி முன்கூட்டியே பின்னுக்கு எடுத்தான், முன்னுக்குப் பாய்ஞ்சு பந்து பறிக்கிற ஆசை ஒரு தரமும் வரல. 3-0 வெற்றி. மறுகா மட்ரிட்ல 2-1, அதுவும் வெற்றி. நாலாவது சென்டர் பேக் எண்டா இதுதான். 20 மில்லியனுக்கு ரியல் மட்ரிட்டை வெளிய போட்ட டிபென்ஸ். அந்த சம்மரே போர்டோவுக்கு லோன்ல போனான், அதுவும் கவலைதான்.

அதே சம்மர்ல ஆர்சனல் வலென்சியாவுல இருந்து மொஸ்கேராவை எடுத்ததும் இதே யோசனையிலதான், 21 வயசு, லா லிகாவுல முழு சீசன்கள் விளையாடினவன், ரைட் பேக்லயும் நிப்பான், விலை 13 மில்லியன் கிட்ட. ஓகஸ்ட் 31 ஆன்ஃபீல்டுல சலிபா அஞ்சாவது நிமிஷமே நொண்டிக்கிட்டு வெளிய வர இவன் இறங்கினான். சொபொஸ்லாய்ட அந்த ஃப்ரீ கிக்கால 1-0 தோத்தாங்க, ஆனா ஓடி விளையாடி எடுத்த கோல் இல்ல அது, மொஸ்கேரா பக்கமா ஒண்டும் உடையல.

இதுல கனபேர் விடுற ஒரு விஷயம், பிரீமியர் லீக்ல 25 பேர் லிஸ்ட் குடுக்கணும், அதுல உள்ளூர்ல வளராத ஆக்கள் 17 பேருக்கு மேல ஏலாது, ஆனா 21க்கு உட்பட்டவனுக்கு அந்த லிஸ்ட்ல இடமே தேவையில்ல. 2025-26க்கு 2004 ஜனவரி முதலாம் திகதியோ அதுக்குப் பிறகோ பிறந்தவன் அந்தக் கணக்கு. மொஸ்கேரா 2004 ஜூன், குசானோவ் 2004 பெப்ரவரி 29, ரெண்டு பேரும் அந்த சீசன் லிஸ்ட்டுக்கு வெளியால. அப்ப 20, 21 வயசு ஆளை எடுத்தா ஒரு இடம் மிச்சம், 35 வயசு ஆளை எடுத்தா ஒரு இடம் போகுது. வாக்குவாதத்துல இதை எடுத்து வச்சா பழைய ஆள் கட்சி கொஞ்சம் அடங்கும்.

மட்டக்களப்பு வெபர் மைதானத்துல விளையாடுற நம்மட கழகங்களுக்கும் இதே தலையிடிதான், ஒரு சென்டர் பேக் கட்டாருக்குப் போயிடுவான், இன்னொருத்தனுக்கு ஏ.எல். பரீட்சை, நொக்கவுட் தொடங்கிற கிழமையில ஸ்கூல் டீம்ல இருந்து ஒரு பொடியனைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாட்டுவாங்க. அவனை மூண்டு மாசத்துக்கு முதலே ப்ரெக்டிஸுக்கு எடுத்து, லேசான மெச்சுகள்ல பழைய டிபென்டருக்குப் பக்கத்துல அரை மணித்தியாலம் விட்டிருந்தா பொடியன் இவ்வளவு பதறமாட்டான். இதுக்குக் காசு ஒண்டும் செலவில்ல.

கடைசியா இடது கால் விஷயம். ரெண்டு வலது கால்க்காரன் மெயின்ல இருந்து, பெஞ்ச்லயும் வலது கால்க்காரனையே வச்சா, பந்து இடது பக்கம் வாற நேரம் உடம்பைத் திருப்பி உள்ளுக்கு எடுக்க வேண்டி வரும், அந்த அரைச் செக்கன்ல எதிர் டீம்ட ப்ரெஸ் (பந்தைப் பறிக்க நெருக்குறது) வந்திடும். அதால ஒரே வயசு, ஒரே அனுபவம், ஒருத்தன் வலது ஒருத்தன் இடது எண்டா நான் இடதுக்கு அஞ்சு மில்லியன் கூடக் குடுப்பன், அதுவும் சம்மர்லயே, ஜூலையில ப்ரீ சீசன் தொடங்க முதல்.