கோபன்ஹேகனா, ஆர்ஹூஸா? டேனிஷ் பண்பாட்டை அறிய எந்த ஊரில் தங்குவது?

டென்மார்க்குக்கு ஐந்தாறு நாள் விடுமுறையில் செல்பவர்களில் பலர் கோபன்ஹேகனை விட்டு நகராமலேயே திரும்பிவிடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் நகரின் நடுவே இறங்கலாம் என்பதால், அதில் வியப்பில்லை. ஆனால் டேனியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிவதே பயணத்தின் நோக்கமானால், ஜுட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள இரண்டாவது பெரிய நகரமான ஆர்ஹூஸுக்கே (உள்ளூரார் சொல்லும்போது அது ஏறக்குறைய 'ஓர்ஹூஸ்') கூடுதல் நாட்களை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோபன்ஹேகனில் நாம் காண்பது அரசர்களும் கடல் வணிகர்களும் எழுப்பிய டென்மார்க். வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் நியூஹவுன் கால்வாய் 1670களில் ஐந்தாம் கிறிஸ்டியன் வெட்டுவித்தது. நான்காம் கிறிஸ்டியன் கட்டுவித்து 1642இல் முடிந்த வட்டக் கோபுரத்தில், உச்சியை நெருங்கும்வரை படிகளே இல்லாமல், சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளத்தில் நடந்தே போகலாம். 1620இல் தரங்கம்பாடியில் டேனியர் காலூன்றியதும் இந்த மன்னரின் ஆட்சியில்தான். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடலை டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் பாதுகாத்து வருகிறது.

1913இல் நிறுவப்பட்ட கடற்கன்னிச் சிலைக்கு அரை நாள் ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையைவிட, அதைச் சுற்றி நிற்கும் கூட்டம்தான் முதலில் கண்ணில் படும். அந்த நேரத்தைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். 1902இல் நிலத்தை உழுதபோது கிடைத்த, ஏறக்குறைய 3,400 ஆண்டுப் பழமையுள்ள சூரியத் தேர் அங்கே இருக்கிறது: வெண்கலக் குதிரை ஒன்று ஒரு பக்கம் மட்டும் பொன் தகடு போர்த்திய வட்டை இழுத்துச் செல்கிறது. குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு 1843இல் தொடங்கிய டிவோலி பூங்காவும் உண்டு. அது ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்ஹூஸின் வலிமை வேறு வகையானது. 1914இல் திறக்கப்பட்ட 'டென் கம்லே பியூ', அதாவது 'பழைய ஊர்' என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம், நாட்டின் பல ஊர்களில் இடிபட இருந்த வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து இங்கே மீண்டும் பொருத்தி உருவாக்கியது. இத்தகைய இடங்கள் பெரும்பாலும் பழமையின் அழகோடு நின்றுவிடும். இங்கோ 1974ஆம் ஆண்டுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. இளைஞர்கள் கூட்டாகக் குடியிருந்த வீடு, மகப்பேறு மருத்துவரின் அறை, துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பு ஆகியவை அடுத்தடுத்து வரும்போது, பெண்ணுரிமை, குடியேற்றம் பற்றியெல்லாம் இன்றைய டேனியர் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பது எந்த விளக்கப் பலகையும் இல்லாமலே புலப்படுகிறது. தலைநகரின் அரண்மனைகள் இதைச் சொல்லித் தருவதில்லை.

நகருக்குத் தெற்கே மோஸ்கோர் அருங்காட்சியகத்தில் கிரௌபலே மனிதரின் உடல் கிடக்கிறது. 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகக் கரிச்சேற்றில் புதைந்து, 1952இல் வெளிப்பட்டவர் அவர். சேற்றின் அமிலத்தால் தோல் பதப்பட்டுக் கருத்திருக்கிறது, முடி சிவந்திருக்கிறது. விரல் ரேகைகள்கூட அழியவில்லை. கழுத்து ஒரு காதிலிருந்து மறுகாது வரை அறுபட்டிருப்பதை அருகில் நின்று பார்க்கும் எவருக்கும் சூரியத் தேரின் பொன்னொளி சற்று மங்கித்தான் போகும்.

உணவில் இரு நகரங்களுக்கும் இடையே தேர்ந்தெடுக்க அதிகமில்லை. 'ரை' என்னும் தானியத்தில் செய்த ரொட்டித் துண்டின் மேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீன் போன்றவற்றை அடுக்கிய 'ஸ்மரப்ரோட்' இரண்டு இடத்திலும் கிடைக்கும். அதைக் கையில் எடுக்காமல் கத்தியாலும் முள்கரண்டியாலும் உண்பதே வழக்கம்.

ஐந்து நாள் இருந்தால் கோபன்ஹேகனுக்கு இரண்டு, ஆர்ஹூஸுக்கு மூன்று என்று பிரிக்கலாம். அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும் திங்கட்கிழமையை இடையிலுள்ள மூன்று மணி நேர ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. 1997க்கு முன்பு ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றித்தான் பெரும் பெல்ட் நீரிணையைக் கடந்தார்கள். இப்போது வண்டி முதலில் கடலடிச் சுரங்கத்தில் இறங்கி, நடுவிலுள்ள சிறு தீவில் தலைகாட்டி, பின் பாலத்தில் ஏறுகிறது. தண்ணீரைப் பார்க்க ஜன்னலோர இருக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.