ஹோகே வெலுவே: நடையா, சைக்கிளா?

நெதர்லாந்தின் ஹோகே வெலுவே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த இடம். பைன் காடு, ஹீத்தர் புதர்வெளி, காற்றில் நகரும் மணல்மேடுகள் எல்லாம் அடுத்தடுத்து வரும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், சைக்கிள்தான். நுழைவாயில்களிலேயே வெள்ளை சைக்கிள்கள் நிற்கும். நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தால் போதும், தனிக் கட்டணமில்லை. வழக்கமான வெள்ளை சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும்; நம்மூர் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் வாயிலருகே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது நல்லது. தரை சமதளம்தான், ஆனால் திறந்தவெளியில் எதிர்காற்று தொடையைப் பதம் பார்த்துவிடும். வான்கோ ஓவியங்கள் நிறைந்த க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம், அதற்கு மட்டும் தனிச்சீட்டு.

ஆனால் சைக்கிள் பாதையை விட்டு இறங்க முடியாது. நடப்பவர்களுக்கோ விலங்குகளுக்கென ஒதுக்கிய பகுதிகள் தவிர, பாதையில்லாத இடங்களிலும் போக அனுமதி உண்டு. ஆகஸ்ட் பிற்பகுதியில் ஹீத்தர் பூத்து வெளி முழுக்க ஊதா நிறமாகும்போது, குனிந்து பார்த்தால் மணி மணியான பூக்களில் தேனீக்கள் மொய்ப்பது தெரியும். மணலில் கால் புதையும், வேகம் பாதியாகும். தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் விருப்பம் நடைதான். செப்டம்பர் கடைசியில், செம்மான்கள் இணை தேடி உறுமும் பருவத்தில் போகிறீர்களென்றால், சைக்கிளை விலங்குகளைப் பார்க்கும் காட்சிமேடை வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.