லூஸாக ஊற்றித் தர மாட்டார்கள்: பூந்துறை ரோட்டு மரச்செக்கு

மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக்கு இந்த ஒரு செக்கில்தான் எண்ணெய் வாங்குகிறோம். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை, ஏனென்றால் கடைக்கார அம்மாவே "எழுதிப் போட்றாதீங்க கண்ணு, கூட்டம் வந்தா எனக்குச் சமாளிக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். ஆனால் போன மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் பெயர் மட்டும் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, போர்டில் 'மரச்செக்கு எண்ணெய்' என்றுதான் இருக்கும். ஈரோட்டிலிருந்து அவல்பூந்துறை போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம். நூறடி முன்னாலேயே வறுபடாத கடலையின் வாசம் வந்துவிடும்.

இரண்டு செக்கு, வாகை மரத்தில் செய்தது, மோட்டாரில் ஓடுகிறது. மாடு இல்லையா என்று கேட்டு ஏமாந்து போகிறவர்களும் வருகிறார்கள். சொந்தமாகப் பருப்பு கொண்டு போனால் கூலிக்கு ஆட்டித் தருவார்கள், இல்லையென்றால் அவர்கள் அடைத்து வைத்திருக்கும் டின்னை வாங்கிக்கொள்ளலாம். நான் முதல் தடவை 10 கிலோ நிலக்கடலைப் பருப்பு கொண்டு போனேன். ஆட்டி முடித்ததும் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார்கள்: எண்ணெய் 4 கிலோ 100, புண்ணாக்கு 5 கிலோ 600, மீதி சேதாரம். புண்ணாக்கு நமக்கே, வேண்டாம் என்றால் அன்றைய விலைக்குக் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள். எண்ணெயை கிலோவில்தான் சொல்வார்கள், லிட்டரில் சொல்ல மாட்டார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும், பல பேர் அதைக் கிலோ என்றே நினைத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சிலேட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. ஒரு கிலோ கடலெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தாலே பருப்புக்கு மட்டும் 325 ஆகிவிடுகிறது, புண்ணாக்கில் ஒரு அறுபது, எழுபது திரும்பி வந்தாலும் கரண்ட், ஆள் கூலி, டின் எல்லாம் இருக்கிறது. அப்படியிருக்க 'மரச்செக்கு' என்று லேபிள் ஒட்டி லிட்டர் 200 ரூபாய்க்கு விற்கிற பாட்டிலுக்குள் என்ன இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையின் ஓரத்தில் இரண்டு பெண்கள் முறத்தில் பருப்பைப் பரப்பி, பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாம் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். முதலில் இது சும்மா காட்சிக்கு என்று நினைத்தேன், அப்புறம்தான் காரணம் புரிந்தது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும், ரீஃபைன்டு எண்ணெயில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும், செக்கில் ஆட்டியதில் ஒரு பங்கு தங்கிவிடும். ஆக செக்கெண்ணெயைப் பொறுத்தவரை முறம்தான் ஃபில்டர். மழை நாளில் நாமே கொண்டு போகிற பருப்பு ஈரமாக இருந்தாலும் ஆட்ட மாட்டார்கள், காய வைத்து எடுத்து வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னை ஒரு தடவை அனுப்பினார்கள், செம கடுப்பு.

தூக்குப் போசியை நீட்டி "அரைக் கிலோ ஊத்துங்க" என்றாலும் நடக்காது. பாக்கெட்டில் அடைக்காத சமையல் எண்ணெயைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஊர் பூரா யாரும் கண்டுகொள்வதில்லை, இந்த அம்மா மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். டின்னில் 14 இலக்க லைசென்ஸ் எண், ஆட்டிய தேதி, எத்தனையாவது ஆட்டு என்ற நம்பர் எல்லாம் கையால் எழுதியிருக்கும். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று மட்டும் எழுத மாட்டார். எந்தத் தாவர எண்ணெயிலுமே அது கிடையாதே, அப்புறம் அதில் என்ன பெருமை! நான் இருக்கும்போதே ஒருவர் "இதச் சாப்பிட்டா சுகர் குறையுங்களா?" என்று கேட்டார். "எண்ணெய் எண்ணெய்தானுங்க, கம்மியா ஊத்துங்க" என்றார் அம்மா.

சரி, போன மாதக் கதை. வாங்கிய நல்லெண்ணெய் மூன்று வாரத்தில் காறல் வாடை அடித்தது, நுனி நாக்கில் கசப்பு. சண்டை போடுகிற மாதிரிதான் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார், நாக்கில் வைத்தார், டின்னை அடிவரை சாய்த்துப் பார்த்தார். "மண்டி இறங்கறதுக்குள்ள அடைச்சுப்போட்டோம்" என்றார். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட வேண்டும், அந்த வாரம் மேகமூட்டம், ஆர்டர் நெருக்கடி, அவசரப்பட்டுவிட்டார்கள். சரியாக வைக்காமல் நான்தான் கெடுத்தேன் என்று சொல்வார் என எதிர்பார்த்துப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன், வேலையில்லாமல் போய்விட்டது.

புது டின் கொடுத்தார். அத்தோடு விடவில்லை. நோட்டை எடுத்து அந்த ஆட்டு நம்பரில் வாங்கியவர்களைப் பார்த்தார், பதினோரு பேர். மகனிடம் எல்லோருக்கும் போன் போடச் சொன்னார். அந்தப் பையனுக்கு மனசே இல்லை. "அம்மா, கேட்டு வர்றவங்களுக்குக் குடுத்தாப் போதாதா? மிச்சத்த விளக்குக்கு ஊத்தற எண்ணெய்னு வித்துரலாம்" என்றான். "விளக்குக்குன்னு வாங்கிட்டுப் போயி தோசைக்கு ஊத்துனா?" என்று மட்டும் கேட்டார். அவன் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். எனக்காக நடிக்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அதே எண்ணெய் வாங்கிய இன்னொரு வீடு உண்டு, நான் திரும்பி வருவதற்குள் அவர்களுக்கும் போன் வந்திருந்தது.

குறைகளும் இருக்கிறது. போன் போட்டால் பத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். செக்கு ஓடும்போது எதுவும் காதில் விழாது. கூரியர் கிடையாது. தேங்காயெண்ணெய் பாதி நாள் இருக்காது, கந்தகப் புகை போடாத கொப்பரை கிடைத்தால்தான் ஆட்டுவார்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறார்கள், அவர்கள் வாங்குகிற கருப்பட்டி மேல் நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே கொண்டு போகலாம். கடலெண்ணெயில் பலகாரம் சுட்டால் நுரை கட்டும், சீக்கிரம் புகையும், முறுக்குக்கு வாங்குகிறவர்கள் சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிச் சுடுங்கள். இதையும் அவர்தான் சொன்னார், வாங்குவதற்கு முன்னாலேயே.

மதியம் 1 மணி ஆனால் செக்கு நிற்கும், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி. பொறுக்குகிற பெண்கள், ஆட்டுகிறவர், அம்மா, பையன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், 2 மணிக்குத்தான் மறுபடி ஓடும். நான் ஒரு தடவை 12.55க்குப் போய் மாட்டினேன். முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து "அவுங்க சாப்பிடட்டுங்க கண்ணு, எண்ணெய் எங்க ஓடப் போகுது" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். காலையில் 10 மணிக்குள் போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை லீவு. தீபாவளிக்கு வேண்டுமென்றால் இருபது நாள் முன்னாலேயே சொல்லி வையுங்கள், இனி அவசரப்பட்டு அடைத்துத் தர மாட்டார்கள்.