கால் காந்தினால் ஆஸ்பிரினா, நரம்பு மாத்திரையா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் கால் காந்துகிறது என்றால் ‘சுகர் பார்த்தியா?’ என்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் பாதம் விட்டுவிட்டுச் செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் சுட்டு, வெயிலிலும் நடையிலும் கூடி, வெறுந்தரையில் வைத்தால் அடங்குகிறதென்றால் எரித்ரோமெலால்ஜியா என்ற அரிய நோயையும் நினைக்க வேண்டும்.

ஆஸ்பிரினா, மெக்ஸிலெட்டின் என்ற நரம்பு மாத்திரையா என்ற போட்டியே முழு ரத்த எண்ணிக்கை பார்த்த பிறகுதான் வரும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ரத்த நோய்களில் அவை சிறு ரத்தக்குழாய்களில் திரள்வதால் வலி வருகிறது. அங்கே குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆச்சரியப்படும் வேகத்தில் கேட்கும். கேட்டால் அதுவே ஒரு துப்பு. இந்த ரத்த நோய்களைக் காட்டும் ஜேஏகே2 மரபணுச் சோதனை வரை போக வேண்டும். ரத்த நோய் வெளிப்படும் முன்பே கால் எரியலாம் என்பதால், ஒருமுறை எண்ணிக்கை சரியாக இருந்தது என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றுப்புண் உள்ளவர்களும் டெங்கு சந்தேகக் காய்ச்சலில் இருப்பவர்களும் ஆஸ்பிரினைத் தாமாகத் தொடவே வேண்டாம்.

சிறு வயதிலேயே தொடங்கியதா, வீட்டில் இன்னொருவருக்கும் உண்டா? அப்படியானால் நரம்புப் பக்கம் பார்க்கலாம். எஸ்சிஎன்9ஏ மரபணுவின் பங்கு 2004-இல் தெரியவந்தது. அதில் பிழை இருந்தால், வலி நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசல் லேசாகத் தட்டினாலே திறந்துகொள்கிறது. இங்கே ஆஸ்பிரின் பெரும்பாலும் வீண். மெக்ஸிலெட்டின் அந்த வாசலையே அடைக்கும், ஆனால் அது இதயத் துடிப்புக்கான மருந்து, இசிஜி இல்லாமல் தொடங்க முடியாது. காபாபென்டின் என்ற நரம்புவலி மாத்திரை தொடங்க எளிது, தூக்கம் வரும். தோலில் ஒட்டும் லிடோகெயின் மரப்பு மருந்துப் பட்டை சிலருக்கு உதவும். மரபணுச் சோதனையில் ஒன்றும் வராவிட்டாலும் நோய் இல்லை என்றாகிவிடாது. முதல் செலவாக அதை நான் சொல்லமாட்டேன்.

எங்கே போவது? தோல் மருத்துவரிடம் தொடங்கலாம். நரம்புச் சிக்கல் என்றால் கேரள எல்லைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் பக்கம்தான். வரிசையில் உட்காரும் நேரத்தில் சிவப்பு போய்விடும், அதனால் எரியும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வாளியா, காத்தாடியா என்றால் காத்தாடியே. ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் கால் வைத்தவர்களுக்குத் தோல் ஊறிப் புண்ணாகி, சீழ் பிடித்து, விரலையே இழக்கும் நிலை வரை போயிருக்கிறது.

அப்புறம் பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நிஃபெடிப்பின், வெராபமில் போன்றவையே சிலருக்கு இந்த எரிச்சலைக் கிளப்பும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.