கொழுப்பு மாத்திரையும் காலை நடையும்: தொடை வலி யாருடைய வேலை?

கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ எழுதிக் கொடுக்கும் டாக்டர், அதே சீட்டில் "தினமும் நடக்கணும்" என்றும் எழுதிவிடுகிறார். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கும். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்தால் பழி முழுக்க மாத்திரைக்கு. நடையை யாரும் சந்தேகிப்பதில்லை.

முதலில் தரையைப் பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலை சமதளம், காலை ஏழரை வரை வண்டித் தொல்லை இல்லை. ஒருமுறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 3 கி.மீ. கடலூர் சில்வர் பீச் மணலில் அதே தூரம் என்றால் கதை வேறு. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புதைகிறது, உந்தி எழ கெண்டைச் சதை கூடுதலாக இழுக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதம் தார்ச்சாலை அல்லது அலை நனைத்த கெட்டி மணல் போதும். வலி வந்தாலும் காரணம் குழம்பாது.

மாத்திரை தரும் வலிக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, கெண்டை போன்ற பெரிய சதைகளில் வரும். தொடங்கியோ டோஸ் கூட்டியோ பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் தலைகாட்டும். ஒரே முட்டியில் வலி, பாதத்தில் மரத்துப்போதல் எல்லாம் வேறு வழக்கு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் வலியே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சதை சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதியான சி.பி.கே.யை அளக்கும் பரிசோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தோப்புக்கரணம், படி இறங்குதல் போன்றவற்றில் சதை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, மாத்திரை சாப்பிடாதவருக்கும் சி.பி.கே. சில நாட்கள் எகிறும். ரத்தம் கொடுப்பதற்கு முன் மூன்று நான்கு நாள் கடும் பயிற்சி வேண்டாம். லேபின் உச்ச வரம்பைப் போல 4 மடங்குக்கு மேல் போனால் கண்காணிப்பு தேவை. 10 மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஆய்வுகள் பயத்தைக் குறைக்கின்றன. 2013இல் வந்த ஸ்டாம்ப் ஆய்வில் 420 பேர் ஆறு மாதம் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டார்கள். சதை வலி 9.4 சதவீதத்தினருக்கு, வெற்று மாத்திரையில் 4.6. ஆனால் சதை வலுவிலோ பயிற்சித் திறனிலோ வித்தியாசமில்லை. 2020இல் வந்த சாம்சன் ஆய்வு இன்னும் சுவாரசியம்: வலி என்று மாத்திரையை விட்டவர்களிடம் பார்த்தபோது, தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அது பொய் வலி அல்ல. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பு கிளப்பும் வலி.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென வலி வந்தால் புதிதாகச் சேர்ந்த மருந்தைத் தேடுங்கள். சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கொழுப்பு மாத்திரைகளான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். தைராய்டு குறைவும் இதே வலியைத் தரும், அதற்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

வலி தொடர்ந்தால் டாக்டர் 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்ப்பார், பிறகு குறைந்த டோஸில் திரும்பத் தொடங்குவார். ரோசுவாஸ்டாட்டின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு, எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையும் சேர்க்கலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் லேசான வலிக்கெல்லாம் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. கோ‑கியூ10 என்ற சத்து மாத்திரை வலியைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கலாம்.