24 எச்பி மெசினும் ஒரு துண்டு வலையும்

திருகோணமலையில் திரியாய்ப் பக்கம் மேட்டுக்காணி வாங்கியிருக்கும் மச்சான் போன கிழமை உழவு மெசின் (டிரக்டர்) எடுப்பதைப் பற்றிக் கேட்டான்: "24 எச்பி (குதிரைவலு) போதுமா, 45 எடுக்கவா?" என் மெசினின் முன் அச்சைப் பிரித்துப் பூட்டிய பில்லை அன்றைக்குத்தான் கட்டிவிட்டு வந்திருந்தேன். கோபம் ஆறாமல் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

என் காணி கன்னியாப் பக்கம், நான்கு ஏக்கர். பாதி சரிவு, இடையிடையே பாறை. நான்கு சில்லும் இழுக்கும் 24 எச்பி மெசினை 2019 கடைசியில் எடுத்தேன். அதற்கு முன் வாடகைக்கு வந்த பெரிய மெசின்கள் தம்பலகாமம் மாதிரிச் சமதரை வயலுக்குத்தான் சரி. என் பாறைகளுக்கு நடுவே அவற்றால் திரும்பவே முடியாது.

எல்லாரும் ஏற்றத்தைப் பார்த்துத்தான் எச்பி கணக்குப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது இறக்கத்தை. என் மெசினில் பிரேக் பின்சில்லுக்கு மட்டும்தான். இறங்கும்போது பாரம் முன்னுக்குப் போய்ப் பின்சில்லு லேசாகிவிடும். ஈரமண்ணில் பிரேக்கை மிதித்தால் சில்லு நிற்கும், மெசின் நிற்காது. முன் இழுவை லீவரைப் போட்டு, கியரைக் குறைத்து, கிளச்சில் கால் வைக்காமல் விட்டால் முன்சில்லும் சேர்ந்து பிடிக்கும். முதல் மாரியில், மழை தூறத் தூற, பின்னால் பூட்டிய ரொட்டவேட்டரோடு (மண்ணைக் கிளறும் கருவி) அப்படி இறங்கினேன். கிணற்றடி வரைக்கும் நடை வேகத்தில் வந்தது, பிரேக்கைத் தொடவே இல்லை. அந்த ஒரு இறக்கத்துக்கே கொடுத்த காசு சரி என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சின்ன மெசின் ஒடுக்கம், குறுக்குச் சரிவில் பயம் காட்டும். பின்சில்லு ரிம்மை மாற்றிப் பூட்டி அகலமாக்கினேன், டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றினேன். நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் மெசின் கவிழ்ந்தால் ஆளைக் காக்கப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டத்தை மடிப்பதில்லை, பெல்ட்டைப் போடாமல் ஏறுவதுமில்லை. பாரம் ஏற்றிய பெட்டி (டிரெய்லர்) இழுக்க மட்டும் இதை நம்பாதீர்கள். அரைக் கியூப் மணலோடு இறங்கியபோது பெட்டி மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தது. அங்கே எச்பி அல்ல, மெசினின் பாரம்தான் போதாது. 2022 டீசல் வரிசைக் காலத்தில் மணிக்கு மூன்று லீட்டருக்குள் உழுது தந்ததையும் மறக்க மாட்டேன்.

அப்புறம் அந்த பில்லுக்குக் காரணமான சீல், அச்சுக்குள் இருக்கும் ஒயில் கசியாமல் அடைக்கும் வளையம். பன்றிக்காக வேலியில் பழைய மீன்வலை கட்டியிருந்தேன். ஒரு துண்டு அறுந்து புல்லுக்குள் கிடந்திருக்கிறது. அது முன் அச்சில் சுற்றி, நைலோன் நூல் உள்ளே புகுந்து ஒயில் சீலை அறுத்துவிட்டது. சில்லின் உள்பக்கம் கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தது. விரலால் தொட்டால் புழுதியோடு குழைந்த ஒயில். வலை என்னுடையது, அதற்கு மெசினைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் காட்டுக்கும் மேட்டுக்கும் என்று சொல்லி விற்கிற மெசினில் அந்த இடத்தை மறைக்க ஒரு தகடு வைக்க முடியாதா? உள்ளங்கைக்குள் அடங்குகிற சீல் வந்து சேர இருபத்துமூன்று நாள்! கேட்கும் போதெல்லாம் "நாளைக்கு வந்திரும் அண்ணன்" என்ற ஒரே பதில். ஒயில் இல்லாமல் ஓட்டினால் பற்சில்லு போய்விடும் என்பதால் மெசின் கராஜிலேயே நின்றது. முதல் மழையோடு போட வேண்டிய கச்சான் (நிலக்கடலை) போடவில்லை. இப்போது சரிவின் அடியில் மண் சேறாகிவிட்டது.

அதனால் மச்சானுக்கு இப்போதைக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். அவன் சரிவுக்கு 45 பெரிது, 24தான் அளவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் முன் அச்சுச் சீல் கடைத் தட்டில் இருப்பதைக் கண்ணால் காணும்வரை ஒரு சதமும் கொடுக்காதே என்றேன்.

மெசின் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. வேலியில் மிச்சமிருக்கும் வலையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். அது முடியும்வரை சாவி போடுவதாக இல்லை.